மச்சாடோவின் ஷட்டர்

"டீச்சர், ஒரு கேமராவுக்கு ஆயுசு எம்புட்டு?"

கேட்டவர் மச்சாடோ. அறுபது தாண்டியவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

கேட்டது கோமதியிடம். கோமதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஓட்டப்பந்தய மைதானங்களின் ஓரத்தில் குப்புறப் படுத்துப் படம் எடுத்தே இளமையில் பாதியைக் கழித்தவர். இப்போது ஓர் உப்பு வியாபாரியின் அலுவலகத்துக்கு மேல்மாடியில், சனிக்கிழமை காலைகளில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

கோமதி அதிகம் பேசமாட்டார்.

ஒருமுறை ஒரு பல் டாக்டர், "நல்ல வெளிச்சம்னா எது டீச்சர்?" என்று கேட்டார். கோமதி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான். டாக்டர் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, கதவிடுக்கைப் பார்த்தார். பிறகு கேமராவை எடுத்தார்.

இப்போது கோமதி மச்சாடோவைப் பார்த்தார்.

"எந்தக் கேமராவுக்கு?"

மச்சாடோ தோளில் தொங்கியதைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. விரல் படும் இடத்தில் கறுப்பு போய் வெளுத்திருந்தது.

"சர்வீஸ் பண்ணுதவர் பாத்துட்டுச் சொன்னாரு. உள்ள ஷட்டர்னு ஒண்ணு இருக்காம். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் திறந்து மூடுதாம். இத்தன தடவதான் தாங்கும்னு அதுக்கு ஒரு கணக்கு இருக்காம். என்னுது அதத் தாண்டிப் போய்க்கிட்டிருக்காம். 'அண்ணாச்சி, எந்நேரமும் நின்னுரும், பாத்துக்கிடுங்க'ன்னுட்டாரு."

"நீங்க எப்படி அமுக்குவீங்க?"

மச்சாடோ கேமராவை எடுத்துச் சுவரைப் பார்த்து அமுக்கினார். அமுக்கிய விரலை எடுக்கவில்லை. தையல் மிஷின் ஓடுவதுபோல் சத்தம் வந்தது. கேமரா மூச்சு முட்டித் தானாக நின்ற பிறகே விரலை எடுத்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும்."

"என்னத்த எடுக்கீங்க?"

மச்சாடோ கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

சின்னத் திரையில் ஒரு பெண்ணின் முகம். அறுபதை ஒட்டிய வயது. கோமதி அடுத்த படத்துக்குப் போனார். அதே முகம். அடுத்தது. அதே முகம். சேலை மாறியது, வெளிச்சம் மாறியது, பின்னால் இருந்த திரைச்சீலை மாறியது. முகம் மாறவில்லை.

"யாரு?"

"வீட்டுக்காரி. பிலோமினா."

கீழே லாரியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெயர் சொல்லி ஒருவரைத் திட்டும் சத்தம் மாடிவரை வந்தது. வகுப்பில் மற்றவர்கள் லென்ஸைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

"நடுக்குவாதம் டீச்சர். மொதல்ல கை நடுங்கிச்சு. அது பரவாயில்ல, கையப் புடிச்சுக்கிடலாம். அப்புறம் முகம் இறுகிப்போச்சு. முகத்துச் சதை சொன்ன பேச்சு கேக்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு."

கோமதி திரையில் இருந்த முகத்தை மறுபடி பார்த்தார்.

"பாக்குதவங்க எல்லாம் அவா கோவமா இருக்கான்னு நெனைக்காங்க. கோயில்ல பக்கத்துல உக்காந்தவங்க தள்ளி உக்காருதாங்க. மஸ்கட்டுல இருந்து மவ போன்ல முகம் பாத்துப் பேசுவா. 'அம்மாவுக்கு எம்மேல என்ன வருத்தம்?'னு எங்கிட்ட தனியா கேக்கா. இப்ப அவா யாரையும் பாக்குறதில்ல. வாசல்ல ஆள் சத்தம் கேட்டா உள்ள போயிருதா."

"அவங்க என்ன சொல்றாங்க?"

மச்சாடோ கேமராவின் பட்டையை விரலில் சுற்றினார். அவிழ்த்தார்.

"'நான் சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்'ங்கா."

லாரி கிளம்பிப் போயிற்று.

"'சிரிக்கேன், உங்களுக்குக் கூடவா தெரியல?'ங்கா. எனக்குத் தெரியல டீச்சர். இத்தன வருசமாப் பாத்த முகம். தெரியலியே. கண்ணுக்குத் தெரியாம நொடியில வந்துட்டுப் போவுதோ என்னமோன்னு விடாம அமுக்குதேன். ஒண்ணு கிடைச்சாப் போதும். 'இந்தா பாரு பிலோ, இருக்கு'ன்னு காட்டிருவேன். அதுக்கு முன்னால இது நின்னுருமோன்னு பயமா இருக்கு."

கோமதி கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்த வாரம் ஒரு படம் எடுங்க."

"ஒரு நாளைக்கு ஒண்ணா?"

"வாரம் பூராவுக்கும் ஒண்ணு."

மச்சாடோ கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் வேறு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். கோமதி பல் டாக்டரின் பக்கம் திரும்பிவிட்டார்.

*

மச்சாடோவின் வீடு கடற்கரைச் சந்தில் இருந்தது. பிலோமினா ஜன்னல் ஓரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மச்சாடோ எதிரே உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு தடவை. அதை எப்போது செலவழிப்பது?

காலையில் பார்த்தார். கஞ்சி கொடுக்கும்போது பார்த்தார். தலை வாரிப் பின்னிவிடும்போது முன்பக்கம் எட்டிப் பார்த்தார். ஜெபமாலை சொல்லும்போது ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன பாக்கீங்க?" என்றார் பிலோமினா. அவருடைய குரலும் இப்போது சின்னதாகிவிட்டது. அடுத்த அறையில் இருந்து வருவதுபோல் வரும்.

"ஒண்ணுமில்ல."

"நேத்தும் அப்படித்தான் பாத்தீங்க."

"சும்மாதான் பாக்கேன்."

மறுநாள் பேப்பர் வாசித்துக் காட்டினார். முன்பு அது இருவருக்கும் பிடித்த நேரம். எந்தச் செய்தியைக் கேட்டாலும் பிலோமினாவிடம் ஒரு பதில் இருக்கும். இப்போது ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மச்சாடோ தலையைத் தூக்கிப் பார்த்தார். பிலோமினா பதில் சொல்லவில்லை. பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை மச்சாடோ அடுக்களையில் இருந்தபோது, கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தார். பிலோமினா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. கொஞ்சம் நகர்த்துவார், நிற்பார், மூச்சு வாங்குவார், மறுபடி நகர்த்துவார்.

கிட்டப் போய்ப் பிடிக்க வேண்டுமா, பிடித்தால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மச்சாடோவுக்குத் தெரியவில்லை. அடுக்களை நிலைப்படியிலேயே நின்றார்.

கடைசியில் பிலோமினா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"பிலோ."

"பரிச்சை எழுதுத மாதிரி இருக்கு," என்றார் பிலோமினா சுவரைப் பார்த்தபடியே. "தினமும் தோத்துப்போறேன்."

மச்சாடோ கேமராவைத் தூக்கி ஒரு தடவை அமுக்கினார். அந்த வாரத்துக்கு உரிய ஒன்று அப்படித்தான் தீர்ந்தது.

*

சனிக்கிழமை அவர் வகுப்புக்கு முதல் ஆளாக வந்து கேமராவைக் கோமதியின் முன் வைத்தார்.

திரையில் ஒரு நாற்காலியின் முதுகு. நரைத்த பின்னல். வெள்ளைச் சுவர்.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன்," என்றார் மச்சாடோ. "நீங்க சொன்னது தப்பு டீச்சர்."

உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அந்த மாடியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கோமதி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் பெரிதாக்கிப் பின்னலைப் பார்த்தார். ஆண்கை பின்னிய பின்னல். ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இருந்தது.

"ஆமா அண்ணாச்சி," என்றார். "தப்பாத்தான் சொல்லிட்டேன்."

மச்சாடோ இதை எதிர்பார்க்கவில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வகுப்பு முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வரட்டுமா?"

"ஆளக் கண்டா அவா உள்ள போயிருவா டீச்சர்."

"போகட்டும். நான் வெளிய உக்காந்திருக்கேன்."

*

அப்படித்தான் ஆயிற்று. செருப்புச் சத்தம் கேட்டதுமே பிலோமினா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே போய்விட்டார்.

கோமதி கூப்பிடவில்லை. கூடத்தில் தரையில் உட்கார்ந்து, உள்அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். தன் பையைப் பக்கத்தில் வைத்தார். அதற்குள் அவருடைய கேமரா இருந்தது.

மச்சாடோ டீ போட்டுக் கொண்டுவந்தார். கோமதி குடித்தார்.

டம்ளர் பாதியாயிற்று.

"சீனி போட்டீங்களா?" உள்ளே இருந்து பிலோமினாவின் குரல்.

"போட்டேன்."

"சீனி வேணுமான்னு கேட்டீங்களா?"

மச்சாடோ கோமதியைப் பார்த்தார்.

"கேக்கல."

"கேளுங்க."

"நான் சீனி போட்டுக்கிட மாட்டேன் அம்மா," என்றார் கோமதி, திரும்பாமல். "ஆனா இது நல்லாத்தான் இருக்கு."

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. நிலையைப் பிடித்துக்கொண்டு பிலோமினா வெளியே வந்தார். பிரம்பு நாற்காலிவரை வந்து மெல்ல உட்கார்ந்தார். திரையில் பார்த்த அதே முகம்.

"தப்பா எடுத்துக்காத மக்கா. இவருக்கு ஒண்ணும் கேக்கத் தெரியாது."

கோமதி டம்ளரைத் தூக்கிக் காட்டினார். காலி.

பிலோமினா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்து உள்ளே போகவில்லை.

கோமதி மச்சாடோவிடம் சொன்னார். "எப்பவும் போல எடுங்க அண்ணாச்சி."

"எப்பவும் போலன்னா? விடாமலா?"

"விடாம."

"ஷட்டரு?"

"தேயட்டும்."

மச்சாடோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு பிலோமினாவுக்கு எதிரே உட்கார்ந்தார். கேமராவை மடியில் சரிசெய்துகொண்டார்.

"அவாளச் சிரிக்க வைக்க ஒரு கதை சொல்லுவேன் டீச்சர். முன்னெல்லாம் இதக் கேட்டா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பா."

"பஸ்ஸுக் கதையா?" என்றார் பிலோமினா. "அது எத்தன தடவ."

"டீச்சருக்குத் தெரியாதுல்லா."

கதை இதுதான். கல்யாணமான புதிதில் இருவரும் மணப்பாட்டுக்குப் பஸ்ஸில் போனார்கள். வழியில் பஸ் நின்றபோது மச்சாடோ இறங்கி நுங்கு வாங்கினார். திரும்பி வந்தால் இரண்டு பஸ் நின்றன. அவசரத்தில் ஒன்றில் ஏறி, பிலோமினா கட்டியிருந்ததுபோன்ற மஞ்சள் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நுங்கை நீட்டினார். முக்காட்டுக்குள் இருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

"புதுப் பொண்ணு வெக்கப்படுதான்னு நெனச்சு நான் முகத்தப் பாக்கல டீச்சர். ரோட்டப் பாத்துக்கிட்டே பேசிக்கிட்டு வாரேன். 'எங்க அம்மா கொஞ்சம் சத்தம் போடுவாங்க, மனசுல வச்சுக்காத, நீ சொல்லுததத்தான் நான் கேப்பேன்'னு. பதிலே இல்ல. நுங்கு மட்டும் ஒண்ணொண்ணாப் போவுது. திருச்செந்தூர்ல அந்தப் பொம்பள எந்திரிச்சா. எங்க ஆச்சி வயசு. 'தம்பி, நுங்கு ரொம்ப எளசு. அம்மாவப் பத்தி ஊருக்குள்ள இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியாத'ன்னுட்டு இறங்கிப் போயிட்டா."

சொல்லி முடித்த அதே மூச்சில் கேமராவைத் தூக்கி அமுக்கினார். தையல் மிஷின் ஓடியது. ஓடி, தடுமாறி, நின்றது. சிவப்பு விளக்கு மினுங்கியது.

மச்சாடோ குனிந்தார். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதுல இல்ல. இதுல இல்ல. இதுலயும் இல்ல."

கோமதி கேமராவைப் பார்க்கவில்லை. பிலோமினாவைப் பார்த்தார்.

முதலில் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன அசைவு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு உதட்டின் இடது ஓரம். உப்பளத்துப் பாத்தியில் தண்ணீர் ஏறுவதுபோல, ஏறுகிறதா என்று சந்தேகப்படும்படி, அது மெல்ல மெல்ல முகமெங்கும் வந்தது. வந்து நின்றது. குனிந்திருந்த கணவரின் தலைமேல் நின்றது.

கோமதியின் கை தானாகப் பைக்குள் போயிற்று. மைதானங்களில் பழகிய கை. கேமராவைத் தொட்டது.

தொட்டுவிட்டு வெறுமனே திரும்பி வந்தது.

"ஒண்ணுலயும் இல்ல டீச்சர்," என்று மச்சாடோ தலையைத் தூக்கினார்.

அதற்குள் பாத்தித் தண்ணீர் வடிந்து, முகம் பழையபடி ஆகிவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் கோமதி.

"அதே கதையா?"

"அதே கதை."

மச்சாடோ மறுபடி சொன்னார். முதல் தடவை அளவுக்கு நன்றாக வரவில்லை. நடுவில், பஸ் நின்ற ஊர் ஆறுமுகநேரியா காயாமொழியா என்று குழம்பினார். "ஆறுமுகநேரி," என்று பிலோமினா எடுத்துக் கொடுத்தார். முடிவுக்கு வந்ததும் கேமராவைத் தூக்கினார்.

தையல் மிஷின் ஓடியது. பாதியில் உள்ளே ஏதோ ஒடிந்ததுபோல் ஒரு சத்தம். நின்றுபோயிற்று.

அமுக்கினார். ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டார். திரையில் ஒரு வரி எழுத்து வந்தது. மறுபடி அணைத்துப் போட்டார். அதே வரி.

மச்சாடோ கேமராவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அதன்மேல் குனிந்தார். துறைமுகத்தில் எத்தனையோ டன் எடையைத் தூக்கி இறக்கிய கைகள். அதை விடவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் பிலோமினா.

"போயிருச்சு பிலோ."

"போனாப் போவுது."

"ஒண்ணு கூட எடுக்கலியே. ஒன் சிரிப்ப ஒண்ணு கூட நான் எடுக்கலியே."

பிலோமினா எதையோ சொல்ல வாயெடுத்தார். குரல் எழும்பவில்லை.

கோமதி எழுந்து வந்து, மச்சாடோவின் விரல்களை மெல்லப் பிரித்துக் கேமராவை எடுத்தார். தன் பைக்குள் வைத்து மூடினார்.

"சரி பண்ணிரலாமா டீச்சர்? வேற ஷட்டர் போடலாம்லா?"

"அந்த மஞ்சச் சேலை அம்மா கடைசியில என்ன சொன்னாங்க?"

மச்சாடோ புரியாமல் நிமிர்ந்தார்.

"அதான் ரெண்டு தடவ சொன்னனே."

"ரெண்டு தடவையும் எனக்குச் சொன்னீங்க. அம்மாவுக்குச் சொல்லுங்க."

மச்சாடோ பிலோமினாவின் பக்கம் திரும்பினார். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. முழங்காலில் வைத்தார். எடுத்தார். கடைசியில் ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, பிலோமினாவின் நடுங்கும் கையை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"நுங்கு ரொம்ப எளசுன்னா, பிலோ," என்றார். "அம்மாவப் பத்தி இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியாதன்னா. நான் அங்கயே இறங்கி நின்னேன். அடுத்த பஸ்ஸுல நீ வந்த. ஜன்னல் வழியா என்னயப் பாத்த. நான் வெறுங்கையோட நிக்கேன்."

சொல்லி முடித்ததும், பழக்கத்தில் தலை குனிந்தது.

அங்கே திரை இல்லை. பிலோமினாவின் கைதான் இருந்தது.

அவர் நிமிர்ந்தார்.

முகம் அப்படியே இருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. மின்விசிறி சுற்றியது. மச்சாடோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமல் மூடிக்கொண்டார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

மச்சாடோவின் முதுகு மெல்ல முன்னால் சாய்ந்தது.

பின்னால் கோமதி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கிடைச்சுதா அண்ணாச்சி?"

மச்சாடோ திரும்பவில்லை.

"கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர்," என்றார். "இன்னும் வந்துக்கிட்டிருக்கு."